பூ விலை பேப்பரில் வருகிறது! தறிச் சேலை ஏன் வருவதில்லை?

காலை நேரம். சங்கரன்கோவிலில் ஒரு டீக்கடை. பெஞ்சில் நாலு பேர். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கிறார். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

"சங்கரன்கோவில் மார்க்கெட்டில் மல்லிகைப்பூ விலை கிடுகிடு உயர்வு!"

உடனே பேச்சு சூடு பிடிக்கிறது.

"பனி கொட்டுது. மொட்டு எங்கே வரும்?" என்கிறார் ஒருவர்.

"நாளைக்கு முகூர்த்தம்லா, அண்ணாச்சி! விலை ஏறத்தானே செய்யும்?" என்கிறார் இன்னொருவர்.

இந்தக் காட்சி அந்த ஊருக்குப் புதிது அல்ல. பண்டிகை வந்தால், முகூர்த்த நாள் வந்தால், சங்கரன்கோவில் பூ விலை பத்திரிகையில் வந்துவிடும். அதற்காகப் பூ வியாபாரிகள் காசு கொடுப்பதில்லை. யாரிடமும் போய்ச் சிபாரிசு கேட்பதும் இல்லை.

அதே ஊரில் இன்னொரு தொழிலும் நடக்கிறது. அது விசைத்தறி. தறிகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால் 'தடதட' என்ற ஓசை காதை நிறைக்கும். அங்கே பருத்திச் சேலைகள் நெய்கிறார்கள். அவை வெளியூர்க் கடைகளுக்குப் போகின்றன. ஆனால் அதை வாங்கி உடுத்தும் பெண்களில் பலருக்கு, அது சங்கரன்கோவில் சேலை என்று தெரியாது!

தறிக்காரர்கள் பத்திரிகையில் எப்போது வருகிறார்கள்? கூலிப் பேச்சு முறிந்து, வேலைநிறுத்தம் என்றால் வருகிறார்கள். தறி ஓடினால் செய்தி இல்லை. தறி நின்றால்தான் செய்தி!

ஏன் இப்படி? பூவுக்குக் கிடைக்கும் இடம் சேலைக்கு ஏன் கிடைக்கவில்லை? சிறு தொழில் செய்கிறவர்களும், தர்ம காரியம் செய்கிறவர்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

பூவின் ரகசியம்

பூ விலைச் செய்தியை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்.

முதலாவது, கணக்கு. நேற்று கிலோ என்ன விலை, இன்று என்ன விலை என்று சொல்லும்.

இரண்டாவது, காரணம். பனியால் வரத்துக் குறைந்ததா, முகூர்த்தத்தால் தேவை கூடியதா என்று சொல்லும்.

மூன்றாவது, பயன். பூ பயிரிட்ட விவசாயி அதைப் படிக்கிறார். பூக்கட்டி விற்கும் பெண் படிக்கிறார். கல்யாண வீட்டுக்காரர் படிக்கிறார். மூவருக்கும் அது வேண்டியிருக்கிறது.

இந்தச் செய்தியில் வியாபாரியின் பெருமை ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் பெருமை தானாக வந்து சேருகிறது. "சங்கரன்கோவில் என்றால் பூ மார்க்கெட்" என்று நாலு மாவட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. நிருபரைக் கண்டதும், "நம்ம கடையைப் பத்தி நாலு வரி நல்லாப் போடுங்க, சார்" என்கிறோம். கடை நல்ல கடையாகவே இருக்கலாம். ஆனால் அவர் எதை எழுதுவார்? கணக்கு இல்லை. காரணம் இல்லை. படிப்பவருக்குப் பயனும் இல்லை. "பார்க்கலாம், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடைக்காரர், "இந்தப் பத்திரிகைக்காரர்களே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்கிறார்.

தப்பு யாருடையது? கேட்டவர் கேட்டது உதவி. செய்திக்கு வேண்டியது தகவல். இரண்டும் ஒன்று அல்ல!

நிருபர் யார்?

சிறிய ஊரில் வேலை செய்யும் நிருபரின் நாள் எப்படிப் போகிறது? காலையில் ஒரு விபத்து. மதியம் மனுக் கொடுக்கும் கூட்டம். மாலையில் கோவில் விழா. பலர் பகுதி நேர நிருபர்கள். வருமானம் சொற்பம். பக்கம் அச்சுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். அவரும் ஒரு உழைப்பாளிதான்.

ஊர்ச் செய்தியைப் பத்திரிகைகள் அலட்சியம் செய்கின்றன என்று நினைப்பதும் சரியல்ல. தமிழ்ப் பத்திரிகைகள் வளர்ந்ததே ஊர்ச் செய்தியால்தான். சி. பா. ஆதித்தனார் 1942-ம் ஆண்டு மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் நடையில் அதை நடத்தினார். டி. வி. ராமசுப்பையர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்' 1957-ல் நெல்லைக்கு வந்தது. சாதாரண ஊர்களின் சாலை, தண்ணீர், சந்தை விவகாரங்களுக்கு இடம் கொடுத்ததால்தான் ஜனங்கள் இத்தகைய பத்திரிகைகளைக் கையில் எடுத்தார்கள். இன்றும் மாவட்டச் செய்திக்கென்று தனிப் பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களுக்குத் தினந்தோறும் தகவல் தேவை.

ஆகவே இடம் இருக்கிறது. கொடுக்கத் தெரிய வேண்டும்.

அரைத் தாள் போதும்

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அரைத் தாள் போதும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தால் போதும். கீழே பேர், போன் நம்பர். அவ்வளவுதான்.

உதாரணமாக ஒரு கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்வோம். சிலர் இப்படி எழுதிக் கொடுப்பார்கள்: "அகில உலகப் புகழ் பெற்ற எங்கள் சங்கத்தின் சார்பில், தலைவர் அவர்களின் நல்லாசியுடன், மாபெரும் முகாம்..." பாதிப் பக்கம் பட்டங்களிலேயே போய்விடும். முகாம் எந்தக் கிழமை என்று தேட வேண்டியிருக்கும்!

கண் மங்கிய பாட்டிக்கு இதனால் என்ன லாபம்? அவருக்கு வேண்டியது வேறு. எந்த நாள்? எந்தப் பள்ளிக்கூடம்? எத்தனை மணிக்குள் வர வேண்டும்? அடையாள அட்டை வேண்டுமா? ஆபரேஷன் என்றால் பணம் கட்ட வேண்டுமா? கூட ஒருவர் வரலாமா? இவைதான் செய்தி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை இதற்கு நல்ல பாடம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ம் ஆண்டு வெறும் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். இன்று உலகமே அதைத் திரும்பிப் பார்க்கிறது. அதன் முகாம்கள் ஊர் ஊராக நடக்கின்றன. டாக்டர்கள் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். இடம் பிடிப்பது, ஊருக்கு அறிவிப்பது ஆகிய வேலைகளை உள்ளூர்ச் சங்கங்கள் பொறுப்பேற்றுச் செய்யும். அறிவிப்புச் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு கிழவர் பார்வை பெறுகிறார். சேராவிட்டால், பக்கத்துத் தெருவில் முகாம் நடந்ததே தெரியாமல் இருட்டில் இருக்கிறார். அறிவிப்பு என்பது அவ்வளவு பெரிய காரியம்!

ஒரு கடை சொன்னால் விளம்பரம். ஊரே சொன்னால் செய்தி

சேலைக்கு வருவோம்.

ஒரு தறிக்காரர், "என் சேலைதான் உயர்ந்த சேலை" என்றால் அது விளம்பரம். பக்கத்துத் தறிக்காரர், "இல்லை, என்னுடையதுதான்" என்பார். நிருபர் இருவரையும் எழுதமாட்டார்.

சங்கரன்கோவிலுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், பக்கத்து வட்டாரத்தில்தான் கோவில்பட்டி இருக்கிறது. அங்கே கடலைமிட்டாய் செய்வோர் பலர். எல்லோருமே சிறு தொழிலாளர்கள், சிறு வியாபாரிகள். ஒருவருக்கொருவர் போட்டி உண்டு. ஆனாலும் சங்கமாகச் சேர்ந்து, "இது எங்கள் ஊர்ப் பண்டம்" என்று புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். 2020-ம் ஆண்டு அது கிடைத்தது. அந்த வட்டாரத்தில் முறைப்படி செய்கிறவர்களுக்குத்தான் இனி அந்தப் பெயர் சொந்தம். கரிசல் மண்ணில் விளைந்த கடலை, வெல்லப்பாகு, செய்முறை எல்லாம் பத்திரிகைகளில் வந்தன. எந்தத் தனிக் கடைக்கும் அந்த இடம் கிடைத்திருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே, 2019-ல், அந்தக் குறியீடு கிடைத்துவிட்டது.

சங்கரன்கோவில் தறிக்காரர்களும் இந்த வழியில் ஒரு அடி வைக்கலாம். மாதம் ஒரு முறை சங்கமாக உட்கார்ந்து ஒரு அரைத் தாள் எழுதலாம். இந்த மாதம் நூல் விலை என்ன? போன மாதம் என்ன? ஒரு சேலைக்கு எவ்வளவு நூல் போகிறது? நெய்கிறவருக்குக் கூலி என்ன? தறியில் என்ன விலை, கடையில் என்ன விலை? இதுவும் பூ விலை மாதிரிதான். கணக்கு இருக்கிறது. காரணம் இருக்கிறது. பயனும் இருக்கிறது. பண்டிகைக்குச் சேலை எடுக்கும் குடும்பத்துக்கு இது வேண்டிய தகவல் அல்லவா?

ஆனால் ஒரு நிபந்தனை. தறி உரிமையாளர் சொல்வது மட்டும் முழுச் செய்தி ஆகாது. தறியில் நிற்கும் தொழிலாளி சொல்வதும் அதில் வர வேண்டும். நிருபர் அவரிடமும் போய்க் கேட்டால் உரிமையாளர் முகம் சுளிக்கக் கூடாது. சங்கனும் பதுமனும் என்ற இரண்டு நாகங்கள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாடியதாகவும், இருவரும் ஒரே உருவாகக் காட்சி தந்ததாகவும் சொல்லும் தலம் அது. ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டம் அந்தக் காட்சியைக் காணத்தான் கூடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் முழு உருவம் என்பதை அந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டுமா?

காசு கொடுத்தால் விளம்பரம் என்று போடு!

விளம்பரம் செய்வது குற்றம் அல்ல. திறப்பு விழா, தள்ளுபடி விற்பனை, புதுச் சரக்கு என்றால் கட்டணம் கட்டி விளம்பரம் செய்ய வேண்டியதுதான். பத்திரிகைக்கும் அதுதான் பிழைப்பு.

ஆனால் காசு கொடுத்துவிட்டு அதைச் செய்தி மாதிரி போடச் சொல்வது மோசடி. இந்த நோயைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சிலே 2010-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. தேர்தல் காலத்தில் தொடங்கும் இந்தப் பழக்கம் கடைத் தெரு வரைக்கும் வந்தால் யாருக்கு நஷ்டம்? கடைக்காரருக்குத்தான். நாளைக்கு அவரைப் பற்றி உண்மையாகவே நல்ல செய்தி வந்தாலும், "எவ்வளவு கொடுத்தாரோ?" என்றுதான் ஊர் கேட்கும். உறையில் பணம் எதிர்பார்ப்பவர் எவராவது வந்தால், பணிவாக மறுத்துவிட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவதே நல்லது.

விளம்பரத்திலும் எல்லை உண்டு. பொய் விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "சர்க்கரை நோயை அடியோடு போக்கும்" என்பது போன்ற மருந்து விளம்பரங்களை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்றால் சட்டம் விடாது.

ஒரு ரொட்டி, பத்துக் கை!

இனி தர்ம காரியம் செய்கிறவர்கள் பக்கம் வருவோம்.

அந்தப் போட்டோவைப் பார்க்காதவர் யார்? ஒரு ஏழைப் பெண் நிற்கிறார். அவர் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். அதை இந்தப் பக்கம் பத்துக் கைகள் பிடித்திருக்கின்றன! பத்துப் பேரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் தரையைப் பார்க்கிறார்.

மறுநாள் அந்தப் படம் பத்திரிகையில் வருகிறது. அவருடைய மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டார் அதைப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மகனின் தோழர்கள் பார்க்கிறார்கள். ஒரு ரொட்டிக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை எவ்வளவு என்று யாராவது நினைத்துப் பார்த்தோமா?

கொடுப்பது நல்லது. கொடுத்ததைச் சொல்வதும் தப்பல்ல. சொன்னால்தான் நாலு பேர் உதவ முன்வருவார்கள். ஆனால் வாங்கியவர் முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது இல்லை. அடுப்பைக் காட்டலாம். மூட்டைகளைக் காட்டலாம். தொண்டர்கள் வேலை செய்வதைக் காட்டலாம். முகம் வேண்டுமென்றால் முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்கிறது. இல்லம் நடத்துகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நெல்லைச் சீமையில் பிறந்தவர் 'பாலம்' கல்யாணசுந்தரம். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக வேலை பார்த்தவர். சம்பளத்தைத் தர்மத்துக்கே கொடுத்துவிட்டு, வேறு சிறு வேலைகள் செய்து வயிற்றைக் கழுவியவர். மாணவராக இருந்தபோது, 1962 சீனப் போரை ஒட்டி, கழுத்தில் கிடந்த தங்கச் சங்கிலியைக் காமராஜரிடம் யுத்த நிதிக்குக் கொடுத்தார். அதைச் செய்தியாகப் போடச் சொல்லி ஒரு வார இதழ் ஆசிரியரிடம் போனார். "நீயே சம்பாதித்துக் கொடுத்த பிறகு வா" என்ற பொருளில் ஆசிரியர் சொல்லி அனுப்பிவிட்டாராம். இதைக் கல்யாணசுந்தரமே பல முறை சொல்லியிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கொடுத்தார். பிறகு பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன. 2023-ல் 'பத்மஸ்ரீ' விருதும் வந்தது.

செய்யப் போவதைச் சொல்லிப் பேர் வாங்க முடியாது. செய்ததைச் சொன்னால் பேர் தேடி வரும்.

கோவை பக்கம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றார். 2019-ல் அது செய்தியானது. விறகடுப்பில் புகைந்துகொண்டிருந்தவருக்கு எரிவாயு இணைப்பு வந்தது. 2022-ல் வீடும் வந்தது. பாட்டி யாருக்கும் நோட்டீஸ் அடிக்கவில்லை. 'ஒரு ரூபாய்' என்ற உண்மைதான் அவருக்கு நோட்டீஸ்!

செய்தி வந்த பிறகு

பத்திரிகையில் வந்துவிட்டால் வேலை முடிந்ததா? அப்போதுதான் பாதி வேலை முடிகிறது.

ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டுச் செய்தி வருகிறது. யார் யாரோ பணம் அனுப்புகிறார்கள். குழந்தை பிழைத்ததா? எவ்வளவு பணம் சேர்ந்தது? மீதி என்ன ஆயிற்று? யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை உண்மையாகவே கஷ்டப்படுகிறவர் கேட்கும்போது ஊர் கையை மூடிக்கொள்கிறது. கணக்குச் சொல்லாதவர் தனக்கு மட்டும் கெடுதல் செய்யவில்லை. பின்னால் வருகிற ஏழைக்கும் சேர்த்துக் கெடுதல் செய்கிறார். ஆகவே வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இன்ன காரியத்துக்கு என்று நாலு வரி கொடுப்பது கடமை. அதுவும் ஒரு செய்திதான்.

வாட்ஸ்அப்பிலும் இதே கதை. "அவசரம்! ரத்தம் தேவை!" என்று வருகிறது. எந்த ஊர், எந்தத் தேதி என்று இருக்காது. அந்த நோயாளி குணமாகி வீடு போய் வருஷம் ஆகியிருக்கும். செய்தி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்! தேதி போடாத செய்தி, விலாசம் எழுதாத கடிதம்.

பத்திரிகையில் தப்பாக வந்துவிட்டால்? டீக்கடையில் நின்று திட்டுவதால் பிரயோசனம் இல்லை. என்ன வந்தது, எது சரி, அதற்கு ஆதாரம் என்ன என்று ஆசிரியருக்கு மரியாதையாக எழுத வேண்டும். பெரும்பாலும் திருத்தம் வந்துவிடும். வராவிட்டால் பத்திரிகை கவுன்சிலிடம் முறையிடலாம்.

பத்திரிகை மட்டும்தான் வழி என்பதும் இல்லை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 முதல் இருக்கிறது. உள்ளூர்க் கேபிள் டி.வி. இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் காதால் கேட்கும் செய்திதான் செய்தி. அதே அரைத் தாளை அங்கேயும் கொடுக்கலாம்.

"பொழுது விடிந்தால் தறியோடு மல்லாடுகிறோம். இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாதத்துக்கு ஒரு அரைத் தாள். அதையும் ஒருவரே எழுத வேண்டாம். சங்கத்தில் முறை வைத்து எழுதலாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண் இருந்தால் அவளே அழகாக எழுதிக் கொடுத்துவிடுவாள்!

அப்படி எழுதினால், சங்கரன்கோவில் டீக்கடையில் ஒருநாள் பூ விலைக்குக் கீழே நூல் விலையையும் ஒருவர் உரக்கப் படிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் வெளியூர்க்காரர், "இந்த ஊர்லயா சேலை நெய்யுதாங்க?" என்று கேட்பார்.

தறிகளுக்கு வழி சொல்ல அங்கே ஆள் இருக்கும்.